எச்.ஐ.வி ஆய்வில் சமூகப் பங்கேற்பு

எச்.ஐ.வி ஆய்வில் சமூகப் பங்கேற்பு என்பது, எச்.ஐ.வி தொற்றுடன் வாழ்வோரும் தொற்றுக்கு உள்ளாகும் வாய்ப்பு மிகுந்தோரும் தம்மைப் பற்றி நடத்தப்படும் ஆய்வுகளில் குருதியும் தகவலும் தருவோராக மட்டும் நின்றுவிடாமல், ஆய்வின் ஏனைய படிநிலைகளிலும் பங்குகொள்ளும் முறையாகும். எதனை ஆராய்வது என்று முடிவு செய்தல், வினாக்களை வடிவமைத்தல், ஒப்புதல் படிவத்தைச் சரிபார்த்தல், களத்தில் தகவல் திரட்டுதல், முடிவுகளைப் பொருள்கொள்ளுதல், அவற்றைச் சமூகத்திடம் திரும்பக் கொண்டுசேர்த்தல் ஆகியவை இப்படிநிலைகளுள் அடங்கும்.

இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலில் சென்னையிலேயே கண்டறியப்பட்டது. தொற்றுடன் வாழ்வோரின் தேசிய அளவிலான அமைப்புகள் தோன்றியதும் அந்நகரிலேயே ஆகும். இதனால் இம்முறையின் இந்திய வரலாற்றில் தமிழ்நாட்டிற்குச் சிறப்பிடம் உண்டு. எனினும் ஆய்வுகள் பெரும்பாலும் சென்னை போன்ற பெருநகரங்களைச் சார்ந்தே நடைபெற்றுள்ளன. இராமநாதபுரம், இராமேசுவரம் போன்ற கடலோரப் பகுதிகளின் வாழ்க்கைமுறை பெருநகரங்களினின்றும் பெரிதும் வேறுபட்டது. ஆகவே அப்பகுதி மக்களின் பங்கேற்பின்றி நகர ஆய்வு முடிவுகளை அங்கு அப்படியே பொருத்துதல் இயலாது.

பின்னணி

1985ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் எச்.ஐ.வி தொற்று பற்றிய ஆய்வை ஒப்படைத்தார். அக்காலத்தில் இந்தியாவில் இந்நோய் இல்லை என்றே பரவலாகக் கருதப்பட்டது. நிர்மலா அரசுப் பொது மருத்துவமனைக்கு வந்த பாலியல் தொழிலாளரிடமும், அரசுக் காப்பகத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்த பெண்களிடமும் குருதி மாதிரிகளைத் திரட்டினார். அவற்றை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்று சோதித்தபோது சிலவற்றில் தொற்று இருப்பது தெரியவந்தது. இதுவே இந்தியாவில் எச்.ஐ.வி இருப்பதற்கான முதற் சான்றாகும்.

இக்கண்டுபிடிப்பின் பயன் பெரிது. நாட்டின் தடுப்புத் திட்டங்கள் இதன் பின்னரே தொடங்கின. ஆயினும் இரத்தம் எதற்காக எடுக்கப்படுகின்றது என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. வேறு ஏதோ பால்வினை நோய்க்கான சோதனை என்றே அவர்கள் எண்ணியிருந்ததாக நிர்மலா பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். ஆய்வில் பங்கேற்போரின் விவரமறிந்த ஒப்புதல் என்னும் நடைமுறை அந்நாளில் இந்திய மருத்துவமனைகளில் வேரூன்றியிருக்கவில்லை.

சோதனையின் விளைவு அப்பெண்களுக்குச் சிகிச்சையாக அமையவில்லை. அப்போது சிகிச்சையும் இல்லை. தொற்று உள்ளவர்களாக அறியப்பட்ட பாலியல் தொழிலாளர் பலர், தொற்றைக் காரணம் காட்டியே காப்பகங்களில் தொடர்ந்து அடைத்து வைக்கப்பட்டனர். இதழாளர் சியாமளா நடராஜ் இதனை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். 1990இல் அப்பெண்கள் விடுவிக்கப்பட்டனர். இதன் தொடர்ச்சியாகவே தென்னிந்திய எயிட்சு செயல்திட்டம் (சியாப்) என்னும் தொண்டு நிறுவனத்தை அவர் உருவாக்கினார். சோதனைக்குக் கை நீட்டியதே ஒருவருடைய விடுதலையைப் பறிக்கக் காரணமாகலாம் என்பதை இந்நிகழ்வு காட்டியது. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் எதிர்கொண்ட ஐயத்திற்கும் தயக்கத்திற்கும் இத்தகைய பட்டறிவுகள் முக்கிய காரணம் எனலாம்.

கருத்துருவின் வளர்ச்சி

பாதிக்கப்பட்டோர் தம்மைப் பற்றிய முடிவுகளில் பங்குபெற வேண்டும் என்னும் கோரிக்கை, 1983இல் ஐக்கிய அமெரிக்காவின் டென்வர் நகரில் கூடிய எயிட்சு நோயாளர்களால் எழுப்பப்பட்டது. "பலியானோர்" என்று தம்மை அழைப்பதை அவர்கள் ஏற்கவில்லை. 1994 திசம்பர் 1 அன்று பாரிசு எயிட்சு உச்சிமாநாட்டில் 42 நாடுகள் ஒப்பமிட்ட அறிக்கை, எச்.ஐ.வியுடன் வாழ்வோரின் பரந்த பங்கேற்பை அரசுகளின் கடமையாக ஏற்றுக்கொண்டது.

பங்கேற்பு இல்லாத ஆய்வு எவ்வாறு முறிந்துபோகும் என்பதற்குக் கம்போடியா எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றது. தொற்றைத் தடுக்கத் தெனோபோவிர் மாத்திரை உதவுமா என்று பாலியல் தொழிலாளரிடையே ஆராயும் திட்டம் ஒன்று அங்கு வகுக்கப்பட்டது. ஆய்வினால் தமக்குப் பின்விளைவுகள் ஏற்படின் நெடுங்கால மருத்துவப் பாதுகாப்பு வேண்டும் என்று பாலியல் தொழிலாளர் சங்கத்தினர் கோரினர். உடன்பாடு எட்டப்படாத நிலையில் 2004இல் அரசு அவ்வாய்வை நிறுத்தியது. 2005இல் கமரூனிலும் இதே மருந்து குறித்த ஆய்வு இடைநிறுத்தப்பட்டது. இவற்றின் படிப்பினையாக, ஐக்கிய நாடுகளின் எயிட்சு திட்டமும் அவாக் என்னும் அமைப்பும் இணைந்து 2007இல் நல்ல பங்கேற்பு நடைமுறைகள் குறித்த வழிகாட்டியை வெளியிட்டன. அதன் திருத்திய பதிப்பு 2011இல் வெளிவந்தது.

தமிழ்நாட்டில் அமைப்புகள்

சுனிதி சாலமன் 1993இல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி கேர் என்னும் எயிட்சு ஆய்வு, கல்வி மையத்தை நிறுவினார். 1994இல் தமிழ்நாடு மாநில எயிட்சு கட்டுப்பாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டது. இவை மருத்துவர்களாலும் அரசாலும் தொடங்கப்பட்டவை.

தொற்றுடன் வாழ்வோர் தாமே தொடங்கிய அமைப்புகள் சற்றுப் பின்னர்த் தோன்றின. 1997இல் பன்னிருவர் கூடிச் சென்னையில் எச்.ஐ.வியுடன் வாழ்வோருக்கான இந்தியக் கூட்டமைப்பை (ஐ.என்.பி பிளஸ்) உருவாக்கினர். 1998இல் பெ. கௌசல்யாவின் முன்முயற்சியால் பெண்களுக்கெனத் தனியாகப் பாசிடிவ் விமன் நெட்வொர்க் தொடங்கப்பட்டது. கணவரிடமிருந்து தொற்றுப் பெற்று, கணவர் இறந்தபின் சொத்துரிமையும் புகலிடமும் மறுக்கப்பட்ட பெண்களின் சிக்கல்களை இவ்வமைப்பு பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. நாளடைவில் தமிழகத்தின் பல மாவட்டங்களில் தொற்றுடன் வாழ்வோரின் கூட்டமைப்புகள் உருவாயின.

ஆய்வு நிறுவனங்களுக்கு இவ்வமைப்புகள் இன்றியமையாதவை ஆயின. முகவரி இல்லாமல் சிதறிக் கிடந்தோருக்குப் பெயர் வெளிப்படாமலேயே பேச ஓர் இடம் கிடைத்தது. ஆய்வாளருக்குக் கேள்வி கேட்க ஒரு தரப்பு கிடைத்தது. மறுத்துரைக்கவும் ஒரு தரப்பு இருந்தது என்பதே இதில் முக்கியமானது.

பங்கேற்பின் வடிவங்கள்

சமூக ஆலோசனைக் குழு: ஆய்வு மையம் ஒன்றோடு இணைந்து இயங்கும், அப்பகுதி மக்களைக் கொண்ட குழு. தொற்றுடன் வாழ்வோர், பெண்கள் அமைப்பினர், ஆசிரியர், வழக்கறிஞர், சமயத் தலைவர் முதலியோர் இதில் இடம்பெறுவதுண்டு. ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே படித்துக் கருத்துரைப்பதும், ஒப்புதல் படிவம் எளிய தமிழில் உள்ளதா என்று பார்ப்பதும் இதன் பணிகள். இது நெறிமுறைக் குழுவினின்றும் வேறானது. நெறிமுறைக் குழுவிற்கு ஆய்வை அனுமதிக்கவோ மறுக்கவோ அதிகாரம் உண்டு. ஆலோசனைக் குழுவிற்கு அவ்வதிகாரம் இல்லை.

சகத் தகவல் சேகரிப்பாளர்: தொற்றுடன் வாழ்வோரே பயிற்சி பெற்று நேர்காணல் நடத்துதல். 2008இல் தொடங்கப்பட்ட எச்.ஐ.வியுடன் வாழ்வோருக்கான ஒதுக்கல் சுட்டெண் என்னும் பன்னாட்டுக் கணக்கெடுப்பு இம்முறையையே அடிப்படையாகக் கொண்டது. தம்மைப் போன்ற ஒருவர் கேட்கும்போது, மருத்துவமனையில் பட்ட இழிவுகளையும் மாத்திரையை விட்டுவிட்ட நாட்களையும் மறைக்காமல் கூறும் வாய்ப்பு மிகுதி.

சகரால் பங்கேற்பாளரைச் சேர்த்தல்: மறைந்து வாழும் குழுக்களைச் சென்றடையப் பயன்படும் மாதிரியெடுப்பு முறை. முதலில் சிலர் தெரிவு செய்யப்படுவர். அவர்களிடம் எண்ணிட்ட சில சீட்டுகள் தரப்படும். அவர்கள் தமக்குத் தெரிந்தவர்களுக்கு அச்சீட்டை அளிப்பர். விரும்புவோர் தாமே மையத்திற்கு வருவர். எனவே எவருடைய பெயரையும் பிறர் ஆய்வாளரிடம் கூறவேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் வழங்கப்படும் சீட்டுகளின் எண்ணிக்கை வரையறுக்கப்படுவதால், நட்பு வட்டம் பெரிதாக உடையோர் மட்டுமே மாதிரியை நிரப்புவது குறைகின்றது.

கூட்டாய்வு: சமூக அமைப்பே ஆய்வு நிறுவனத்தின் பங்காளியாக இருந்து, வினாவை வகுப்பது முதல் கட்டுரை எழுதுவது வரை இணைந்து செயற்படுதல்.

தமிழ்நாட்டில் நடைபெற்ற சில ஆய்வுகள்

தடுப்பூசிச் சோதனை

2006 சனவரியில் சென்னையிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தில் (2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) எச்.ஐ.வி தடுப்பூசி ஒன்றின் முதற்கட்டச் சோதனை தொடங்கியது. 32 தன்னார்வலர்கள் இதில் பங்கேற்றனர். இவர்கள் அனைவரும் தொற்று இல்லாத, நலமுள்ள மனிதர்கள். ஆகவே இச்சோதனைக்குப் பொதுமக்களின் நம்பிக்கை மிகவும் தேவைப்பட்டது. இத்தகைய சோதனைகளில் பொதுவாக எழும் ஐயங்கள் இரண்டு. ஊசியால் எச்.ஐ.வி வந்துவிடுமா என்பது ஒன்று. தடுப்பூசியில் உயிருள்ள எச்.ஐ.வி இல்லை என்பதால் இதற்கு இடமில்லை. மற்றது, தடுப்பூசி உடலில் தோற்றுவிக்கும் எதிர்ப்பொருள்களால் பின்னாளில் வழமையான சோதனையில் "தொற்று உள்ளது" எனத் தவறாகக் காட்டுமா என்பது. இவ்வாறு நேர வாய்ப்புண்டு. திருமணம், வேலை, காப்புறுதி ஆகியவற்றை இது பாதிக்கக்கூடும் என்பதால், இதற்கான சான்றிதழும் மாற்றுச் சோதனை வசதியும் ஆய்வுத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டியவை ஆகின்றன. சென்னைத் தடுப்பூசி பாதுகாப்பானதாகக் காணப்பட்டது. எனினும் எச்.ஐ.விக்குப் பயன்பாட்டுக்கு வந்த தடுப்பூசி எதுவும் இன்றுவரை இல்லை.

எச்.பி.டி.என் 052

தம்பதியருள் ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள 1,763 இணையரை 9 நாடுகளில் பின்தொடர்ந்த ஆய்வு இது. இந்தியாவில் சென்னை ஒய்.ஆர்.ஜி கேர் மையமும் புனே தேசிய எயிட்சு ஆராய்ச்சி நிறுவனமும் இதில் பங்கேற்றன. சிகிச்சையை முன்னதாகவே தொடங்குவோரிடமிருந்து துணைவருக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைகின்றது என்னும் முடிவு 2011இல் அறிவிக்கப்பட்டது. இவ்வாய்வு வலையமைப்பின் மையங்கள் யாவற்றிலும் சமூக ஆலோசனைக் குழு இருத்தல் வேண்டும் என்பது விதி. கணவன் மனைவி இருவரும் ஒருவர் நிலையை மற்றவர் அறிந்து, ஆண்டுக்கணக்கில் ஒன்றாக மையத்திற்கு வந்துபோகும் இத்தகைய ஆய்வு, பங்கேற்போரின் நம்பிக்கையின்றி நடந்திருக்க இயலாது. தொற்று கண்டறியப்பட்ட அனைவருக்கும் உடனே சிகிச்சை அளித்தல் என்னும் கொள்கைக்கு இம்முடிவு வலுச்சேர்த்தது. 2017இல் இந்திய அரசும் அக்கொள்கையை ஏற்றுக்கொண்டது.

ஒருங்கிணைந்த நடத்தை, உயிரியல் மதிப்பீடு

தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் பாலியல் தொழிலாளர், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள், திருநங்கைகள் முதலியோரிடையே 2005 முதல் இரு சுற்றுகளாக நடத்தப்பட்டது. தமிழ்நாட்டில் சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இதனைப் பொறுப்பேற்றது. சமூக ஆலோசனைக் குழுக்களும், களத்தில் நடப்பதைப் பார்வையிடும் சமூகக் கண்காணிப்புக் குழுக்களும் இதற்கென அமைக்கப்பட்டன.

இலவச சிகிச்சைக்கான தடைகள்

2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு ஏ.ஆர்.டி எனப்படும் கூட்டு மருந்து சிகிச்சையை இலவசமாக வழங்கத் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதன் முதல் மையங்களுள் ஒன்று. மருந்து இலவசமான பின்னரும் தேவையுடையோர் பலர் வரவில்லை. இதற்கான காரணத்தை வெங்கடேசன் சக்கரபாணி முதலிய ஆய்வாளர்கள் ஐ.என்.பி பிளஸ் உள்ளிட்ட சமூக அமைப்பினரோடு சேர்ந்து சென்னையில் ஆராய்ந்தனர். பெண் பாலியல் தொழிலாளர் குறித்த ஆய்வு 2009இலும், கோத்திகள், திருநங்கைகள் குறித்த ஆய்வு 2011இலும் வெளியாயின. மருந்தின் விலை நீங்கிய பின்னரும் வேறு தடைகள் எஞ்சியிருந்ததை இவை காட்டின. மையத்தில் தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவர் என்னும் அச்சம், குடும்ப ஆதரவின்மை, மருத்துவப் பணியாளரின் ஏளனம், சிகிச்சை பற்றிய அறியாமை என்பன அவற்றுள் சில. பதிவேடுகளைக் கொண்டு இவற்றை அறிய முடியாது. மையத்திற்கு வராதவரின் காரணம் மையத்தின் பதிவேட்டில் இருப்பதில்லை.

ஒருங்கிணைந்த பராமரிப்பு மையங்கள்

ஒய்.ஆர்.ஜி கேரும் ஐக்கிய அமெரிக்காவின் சான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகமும் இணைந்து 22 இந்திய நகரங்களில் நடத்திய ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. போதைமருந்தை ஊசிவழி ஏற்றிக்கொள்வோருக்கும் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கும் சோதனை, ஆலோசனை, சிகிச்சை ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் அளிக்கும் மையங்கள் பாதி நகரங்களில் நிறுவப்பட்டன. பங்கேற்பாளர்கள் மேற்கூறிய சீட்டு முறையில் சேர்க்கப்பட்டனர். ஏனைய நகரங்களோடு ஒப்பிடும்போது, அண்மையில் சோதனை செய்துகொண்டோரின் விகிதத்தில் புள்ளியியல் அடிப்படையில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் மையத்திற்கு நேரில் வந்தவர்களிடையே சோதனை மிகுதியாக இருந்தது. நல்ல மையத்தைத் திறப்பது மட்டும் போதாது, மக்கள் அங்கு வரவும் வேண்டும் என்பது இதன் படிப்பினை.

இராமநாதபுரம் கடற்கரையும் பங்கேற்பின் தேவையும்

வடக்கே பாக்கு நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் சூழ்ந்த இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் முதலிய மீனவ ஊர்கள் உள்ளன. இப்பகுதிக்கான ஆய்வையோ சிகிச்சைத் திட்டத்தையோ வகுக்கும்போது உள்ளூர் மக்களைக் கேட்டே அறியவேண்டியவை பல உள்ளன.

நாட்காட்டி: இராமேசுவரப் பகுதியில் வாரத்தில் மூன்று நாட்கள் விசைப்படகுகளும் ஏனைய நாட்களில் நாட்டுப்படகுகளும் கடலுக்குச் செல்லும் ஏற்பாடு நெடுங்காலமாக உள்ளது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். இக்காலத்தில் வருவாய் இன்றி வெளி மாநிலக் கடற்கரைகளுக்கு வேலை தேடிச் செல்வோரும் உண்டு. மருந்து வாங்கும் நாளோ நேர்காணல் நாளோ கடலுக்குச் செல்லும் நாளில் அமையுமாயின், வராதவர் "சிகிச்சையைக் கைவிட்டவர்" என்று பதிவேட்டில் குறிக்கப்படக்கூடும். அவர் கைவிட்டாரா, கடலில் இருந்தாரா என்பதை அவ்வூரார் எளிதில் கூறிவிடுவர்.

தொலைவு: இராமேசுவரத்திலிருந்து மாவட்டத் தலைநகர் ஏறத்தாழ 55 கி.மீ. மருந்து இலவசமாயினும் ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் செலவாகும். பல மாத மருந்தை ஒரே முறையில் வழங்குதல் இதற்குத் தீர்வாகும் என்று தோன்றும். ஆனால் சிறிய வீட்டில், கூட்டுக் குடும்பத்தில், அத்தனை மருந்துப் புட்டிகளை எங்கு மறைத்து வைப்பது என்பது மருந்து உண்பவர் மட்டுமே எழுப்பக்கூடிய வினா.

எல்லை: கடல் எல்லையைத் தாண்டியதாக இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்படும் மீனவர் வாரக்கணக்கில் அந்நாட்டுச் சிறையில் இருக்க நேரிடுகின்றது. கூட்டு மருந்தை நாள்தோறும் தவறாது உட்கொள்ள வேண்டும். இடைவெளி நேர்ந்தால் தீநுண்மி மீண்டும் பெருகவும், மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெறவும் கூடும். நகரில் வகுக்கப்படும் வினாப்படிவம் ஒன்றில் இத்தகைய இடைவெளிக்கான கட்டம் இருப்பது அரிது.

மறைகாப்பு: மீனவ ஊர்களில் பெரும்பாலானோர் ஒருவருக்கொருவர் உறவினர். நகரில் பெயரை நீக்கிவிட்டால் ஒருவரை அடையாளம் காண இயலாது. ஆனால் "45 வயது விசைப்படகு ஓட்டுநர், மூன்று பிள்ளைகள்" என்று எழுதினாலே சிற்றூரில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஊருக்குள் வரும் சோதனை ஊர்தியில் ஏறுவதும் அத்தகையதே. அருகிலுள்ள நம்பிக்கை மையத்தைத் தவிர்த்துத் தொலைவிலுள்ள மையத்திற்குச் செல்வோர் இதனாலேயே உளர். அண்மையில் மையம் அமைப்பதே நன்று என்னும் பொதுவான கருத்து இங்கு எப்போதும் பொருந்தாது.

கேட்கப்படாதோர்: படகுரிமையாளர் சங்கங்களின் வழியாக ஊரை அணுகுவது எளிது. ஆனால் கடற்பாசி சேகரிக்கும் பெண்கள், மீன் விற்கும் பெண்கள், மண்டபம் முகாமில் வாழும் இலங்கைத் தமிழர் ஆகியோரின் குரல் அச்சங்கங்களில் ஒலிப்பதில்லை. இவர்களைத் தனித்தனியே அணுகாத ஆய்வு ஊரின் ஒரு பகுதியை மட்டுமே காணும்.

சட்டமும் நெறிமுறைகளும்

எச்.ஐ.வி, எயிட்சு (தடுப்பு, கட்டுப்பாடு) சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. விவரமறிந்த ஒப்புதல் இன்றி எச்.ஐ.வி சோதனை செய்வதையும், தொற்று உள்ளவரைச் சிகிச்சைக்கோ ஆய்வுக்கோ உட்படுத்துவதையும் இச்சட்டம் தடைசெய்கின்றது. ஒருவருடைய தொற்று நிலையை வெளியிடுதலும் வேலை, கல்வி, மருத்துவம் ஆகியவற்றில் பாகுபாடு காட்டுதலும் தடைசெய்யப்பட்டுள்ளன. முறையீடுகளை விசாரிக்க மாநிலந்தோறும் குறைதீர்ப்பாளர் அமர்த்தப்பட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளும் ஆய்வின் தொடக்கம் முதல் சமூகத்தை ஈடுபடுத்துமாறு வலியுறுத்துகின்றன. 1986இல் அப்பெண்களுக்குக் கிடைக்காத பாதுகாப்பு இன்று சட்டத்தில் உள்ளது.

குறைபாடுகள்

பங்கேற்பு பல இடங்களில் பெயரளவிலேயே நின்றுவிடுகின்றது என்னும் விமர்சனம் உண்டு. திட்டம் முழுதும் முடிவான பின்னர் ஆலோசனைக் குழுவைக் கூட்டிக் கையொப்பம் பெறுதல் இதன் பொதுவான வடிவம். குழுவில் ஒருவரோ இருவரோ மீண்டும் மீண்டும் இடம்பெற்று அனைவருக்காகவும் பேசுவதும் உண்டு. வெளிப்படையாகப் பேசக்கூடியவர்களே இவ்வாறு முன்வருவதால், மறைந்து வாழ்வோரின் நிலை தெரியாமல் போகலாம்.

பங்கேற்போருக்குத் தரப்படும் தொகையும் விவாதத்திற்குரியது. ஒரு நாள் கூலியை ஈடுசெய்யாவிடில் ஏழைகள் விலக்கப்படுவர். மிகுதியாகத் தரின் பணத்திற்காகவே ஒப்புதல் தரும் நிலை ஏற்படும். நிதி நின்றவுடன் களப்பணியாளரும் மையங்களும் மறைந்துவிடுவது மற்றொரு குறை. முடிவுகள் ஆங்கில ஆய்விதழ்களில் வெளியாகித் தகவல் தந்தவரை எட்டாமலே போவதும் இன்றும் தொடர்கின்றது.

2023ஆம் ஆண்டிற்கான அரசு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் எச்.ஐ.வியுடன் வாழ்கின்றனர். நாள்தோறும் மருந்து உட்கொண்டால் இவர்கள் நெடுநாள் நலமுடன் வாழவும், தீநுண்மியின் அளவு சோதனையில் அறிய இயலாத நிலைக்குக் குறையும்போது உடலுறவின் வழியாகப் பிறருக்குத் தொற்றாதிருக்கவும் இயலும். மருந்து உள்ளது. மருந்து கிடைத்தும் அதனைத் தொடர்ந்து உண்ண இயலாமல் ஒருவர் எக்காரணத்தால் நின்றுவிடுகின்றார் என்பதே இனி ஆய்வுகள் விடைகாண வேண்டிய முக்கிய வினாக்களுள் ஒன்றாகும். அதற்கான விடையை அறிந்தோர் அம்மருந்தை உண்போரே ஆவர்.